காரைநகர் விடுதியில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது: என்ன செய்வது?

ஜூன் 8, மாலை: ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

ஜூலைக் கடைசியில் குடும்பமாக வருகிறோம். நல்லூர்த் திருவிழாவில் சில நாள் நின்றுவிட்டு, காரைநகர்ப் பக்கம் கடற்கரை விடுதி ஒன்றில் மூன்று இரவு தங்குவதாக எண்ணம். போன முறை இப்படி ஒரு விடுதியில் நான் தமிழில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில்தான் பதில் வந்தது. "ஆங்கிலத்தில் கதைத்தால்தான் அங்கே வேலை நடக்கும். தமிழில் கதைத்தால் உள்ளூர் ஆள் என்று விட்டுவிடுவார்கள்" என்கிறார் என் மச்சாள். பிள்ளைகள் இருவருக்கும் ஓரளவு தமிழ் வரும். அவர்களைத் தமிழில் கேட்க வைப்பதா, வேண்டாமா?

ஜூன் 8, இரவு 10.15

தமிழிலேயே கேளுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு ஒரு தேநீர் கேட்பதற்கு ஆங்கிலம் எதற்கு? தீவுப் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் 2013 முதல் 2019 வரை வரவேற்பு மேசையில் இருந்தவன் நான். தமிழில் கதைத்தார் என்பதற்காக ஒருவரையும் நாங்கள் குறைவாக நடத்தியதில்லை. பிள்ளைகளையும் தமிழிலேயே கேட்க வையுங்கள்.

ஜூன் 9, காலை 6.50

இரவு எழுதியதை இப்போது வாசித்தேன். "ஒருவரையும் குறைவாக நடத்தியதில்லை" என்ற வரி உண்மையில்லை. திருத்திச் சொல்கிறேன்.

எங்கள் விடுதியில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. வான் வண்டியில் வந்து இறங்குகிறவருக்கு ஆங்கிலத்தில் வரவேற்பு. மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் வருகிறவருக்குத் தமிழில். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முகாமையாளர் சொல்லித் தந்தது இது. ஆளைப் பார்க்க வேண்டியதில்லை, வாகனத்தைப் பார்த்தால் போதும்.

ஒரு மத்தியான நேரம். வானில் ஒரு பெரியவர் வந்தார், அறுபத்தைந்து வயது இருக்கும். நான் விதிப்படி ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் தமிழில் பதில் சொன்னார். நான் விடவில்லை, அடுத்த கேள்வியும் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் மறுபடியும் தமிழில் சொன்னார். இப்படியே நாலைந்து முறை போனது. அவர் ஒன்றும் கோபிக்கவில்லை. விருந்தினர் பதிவுப் படிவத்தை நீட்டினேன், அது முழுக்க ஆங்கிலம். பேனாவைத் திறந்து, பெயர் என்ற இடத்தில் தமிழில் தன் பெயரை எழுதினார். ஊர் என்ற இடத்திலும் தமிழ். அந்தக் காலத்துப் பள்ளிக்கூட எழுத்து, ஒவ்வொரு 'ழ'வும் வால் சுழித்து நின்றது. கடவுச்சீட்டு இலக்கத்தை மட்டும் ஆங்கில எழுத்துச் சேர்த்து எழுதிப் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "வாசிக்க முடிகிறதா, தம்பி?" என்று கேட்டார்.

"முடிகிறது, ஐயா" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் தமிழ் வார்த்தை அதுதான். அவருடைய எழுத்துக்கு மேலே ஆங்கிலத்தில் பெயரை நான் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது, கணினியில் ஏற்ற வேண்டும் என்பதற்காக. இன்றும் அது என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே போன முறை உங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் வந்ததற்கு, அநேகமாக உங்கள் தமிழில் குறை எதுவும் காரணமில்லை. நீங்கள் வானில் வந்திருப்பீர்கள்.

ஜூன் 9, இரவு 9.30

மச்சாள் சொன்னதையும் தள்ளிவிட முடியாது என்று கடையில் இருந்தபோது தோன்றியது. (இப்போது சுண்ணாகத்தில் ஒரு சிறு புத்தகக் கடை வைத்திருக்கிறேன்.) ஒரே நேரத்தில் இரண்டு அறையில் குளிரூட்டி பழுதானால் முதலில் எந்த அறைக்கு ஆள் போனது? ஆங்கிலம் கதைத்தவருடைய அறைக்கு. ஏன் என்று அப்போது எங்களை நாங்களே கேட்டதில்லை. காரணம் தெளிவானது. ஆங்கிலம் கதைக்கிற விருந்தினர் வீட்டுக்குப் போய் இணையத்தில் மதிப்புரை எழுதுவார், நட்சத்திரம் குறைப்பார். முதலாளி கொழும்பில் இருந்துகொண்டு அதை வாசிப்பார். தமிழ் கதைக்கிறவர் என்னிடமே முகத்துக்கு நேரே குறை சொல்லுவார், பிறகு "சரி, பரவாயில்லை" என்று போய்விடுவார். அவர் சொன்னது என் மேசையைத் தாண்டாது.

இதற்கு மருந்து ஆங்கிலத்துக்கு மாறுவதில்லை. மூன்று நாள் தங்கிய பிறகு மதிப்புரையைத் தமிழில் எழுதிப் போடுங்கள், நல்லதோ கெட்டதோ. நன்றாகக் கவனித்த பணியாளரைப் பற்றி இரண்டு வரி சேருங்கள். தமிழில் ஒரு மதிப்புரை வந்தால் அதை மொழிபெயர்த்துச் சொல்லும்படி முதலாளி தொலைபேசி எடுத்த நாள்கள் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு இருந்த உற்சாகமே வேறு.

ஜூன் 11, காலை

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கனடாவில் பிறந்த ஒரு சிறுமி, பத்து வயது. கடலில் குளித்து நனைந்தபடி வரவேற்பறைக்கு ஓடிவந்து, "அண்ணா, ஒரு துவாய் தருவீர்களா?" என்று கேட்டாள். என் பக்கத்தில் நின்ற பையனுக்கு இருபத்தொரு வயது, சங்கானைப் பக்கத்தான். அவன் வாயில் எப்போதும் வருவது 'டவல்'. துவாயை எடுத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னான்: "என் அம்மம்மா செத்த பிறகு இந்தச் சொல்லை இன்றைக்குத்தான் கேட்கிறேன்."

வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகளின் தமிழ் அம்மம்மாவிடமும் அப்பம்மாவிடமும் பெற்ற தமிழ். கதிரை (நாற்காலி), அலுமாரி, விறாந்தை, பின்னேரம், கெதியாக என்றெல்லாம் வருகிறது. இங்கே இளையவர்கள் வாயிலிருந்து அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. உங்கள் பிள்ளைகள் தாராளமாகக் கேட்கட்டும்.

ஜூன் 12, இரவு 8.40

தமிழில் கேட்டால் எப்படிக் கேட்பது? பணியாளரை 'நீர்' என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம் என்பது என் பதில். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணப் பேச்சில் முன்னால் நிற்பவரைச் சொல்ல மூன்று படிகள் உண்டு: நீ, நீர், நீங்கள். நடுவில் உள்ள 'நீர்' தமிழ்நாட்டுக் காதுக்குப் பழம் புத்தகம்போல் ஒலிக்கும். இங்கே அது அன்றாடப் புழக்கம். ஆசிரியர் மாணவரிடம் சொல்லுவார், கணவர் மனைவியிடம் சொல்லுவார், மேலே உள்ளவர் கீழே வேலை செய்பவரிடம் சொல்லுவார். அன்பாகவும் சொல்லலாம், ஆளை அளந்து ஓரிடத்தில் நிறுத்தவும் சொல்லலாம். விடுதியில் விருந்தினர் 'நீர்' என்றால் பணியாளர் திருப்பி 'நீர்' என்று சொல்ல முடியாது. உறுத்துவது அதுதான். 'தம்பி', 'தங்கச்சி' என்று கூப்பிட்டுவிட்டு 'நீங்கள்' என்று தொடருங்கள். இரண்டும் சேர்ந்தே போகும். வயதில் மூத்தவர் என்றால் அண்ணா, அக்கா. தோட்டம் பார்க்கிற ஐயாவை 'ஐயா' என்றே சொல்லுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.

இன்னொன்று, சிரிக்கலாம். திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத் தலைவர் சாப்பாடு மிகவும் பிடித்துப்போய், பரிமாறிய பையனிடம் "உங்கள் மேனேஜரிடம் கொஞ்சம் பேச வேண்டும்" என்றார். பையன் முகம் வெளுத்து என்னிடம் ஓடிவந்தான். "அண்ணா, அவர் முகாமையாளருக்குப் பேசப் போகிறாராம். நான் என்ன பிழை விட்டேன்?" எங்களுக்குக் கதைப்பது என்றால்தான் கதைப்பது. பேசுவது என்றால் ஏசுவது. அவர் போய் மனம் நிறைந்து நன்றி சொல்லும்வரை பையன் குசினிக் (சமையலறை) கதவுக்குப் பின்னால்தான் நின்றான். விஷயம் விளங்கியபோது அந்த மேசையே சிரித்தது.

ஜூன் 14, இரவு 11.05

தூக்கம் வரவில்லை. மறுபக்கத்து அனுபவம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நானே விருந்தினனாக, அடுத்தவர் மொழியில் தட்டுத்தடுமாறிய கதை.

எங்கள் வீட்டில் சிங்களம் நுழையவில்லை. என் அப்பப்பா அரசாங்க எழுதுவினைஞர். 1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சி மொழி என்று சட்டம் வந்த பிறகு, சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மாட்டேன் என்று நின்று, பதவி உயர்வு இல்லாமலே ஓய்வு பெற்றவர். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சி மொழி ஆக்கியபோது அவர் உயிரோடு இல்லை. அந்தக் காயம் எங்களுக்கும் இறங்கியது. நான் சிங்களம் கற்றது விடுதி மேசையில்தான். போர் முடிந்தபின் தெற்கிலிருந்து நயினாதீவுப் பௌத்த விகாரைக்கு வந்து போகிறவர்கள் பெருகினார்கள். அவர்களில் சிலர் எங்களிடம் தங்கினார்கள். அப்படிப் பொறுக்கிய சிங்களம்.

2018 டிசம்பரில் மனைவியோடு தெற்குக் கரையில் உள்ள மிரிஸ்ஸ கடற்கரைக்குப் போனேன். இங்கே வாடைக் காற்றும் மழையும், அங்கே கடல் தெளிந்து கிடக்கிற காலம். அறை துப்புரவு செய்ய வந்த பையனிடம் இன்னொரு துவாய் கேட்க வேண்டும். சிங்களச் சொல் நினைவுக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் கேட்டிருக்கலாம், ஆனால் வாயில் வந்தது 'துவாய்'.

பையன் நிமிர்ந்து பார்த்தான். "துவாய?" என்றான். சிங்களத்திலும் அதுதான். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தோளில் இருந்த துவாயை இறக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, அலுமாரியைத் தொட்டான். நான் "அலுமாரி" என்றேன். "அல்மாரிய" என்றான். மேசையைத் தொட்டான்: மேசை, மேசய. யன்னல்: ஜனேலய. லாச்சியை (மேசை இழுப்பறை) இழுத்துக் காட்டினான்: லாச்சுவ. வாசலில் கிடந்த என் சப்பாத்தைக் காட்டினான்: சபத்துவ. கதிரையும் அப்படியே. குசினிக்கு அவர்கள் குஸ்ஸிய என்கிறார்கள், பாண் (ரொட்டி) இரண்டு பேருக்கும் பாண். போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658 இல் ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து பறித்தார்கள். தெற்குக் கரையிலும் அதே இரண்டு பேர்தான் ஆண்டார்கள். விட்டுப்போன சாமான்களின் பெயர்கள் ஒரு விடுதி அறையில் இரண்டு மொழிக்காரர்களுக்கு இவ்வளவு தூரம் துணைக்கு வந்தன. தலையணையில் வந்து நின்றோம். நான் தலையணை என்றேன், அவன் 'கொட்டய' என்றான். இரண்டு பேரும் கைவிரித்தோம்.

போகும்போது "ஐயா" என்று என்னை விளித்து ஏதோ சொன்னான். தமிழ்க் காதுக்கு அது மரியாதை, சிங்களத்தில் அது அண்ணன். நான் "மல்லி" என்று திருப்பிச் சொன்னேன், தம்பி என்று பொருள். மறுநாள் காலையில் துவாய் மாற்ற வந்தபோது ஒரு கடுதாசித் துண்டை நீட்டி, தமிழில் எழுதிக் காட்டச் சொன்னான். துவாய் என்று எழுதிக் கொடுத்தேன். 'து'வின் அடியில் வருகிற வளைவு அவனுக்குப் பிடிபடவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தான். மூன்றாவது சரியாக வந்தது. துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அங்கே எனக்கு ஒருவரும் கூடுதலாக எதையும் தரவில்லை. விலையும் குறையவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் நான் அந்த அறையில் அந்நியனாக இருக்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஜூன் 15, காலை 7.10

திருத்தம். கதிரை அந்தப் பட்டியலில் சேராது என்கிறார் மனைவி. அவர் சொல்வது சரி. சிங்களத்தில் கதிரைக்குப் 'புட்டுவ'. நமக்கு மட்டும் போர்த்துக்கேயக் கதிரை. மற்றவை சரி.

ஜூன் 18, இரவு

மிரிஸ்ஸக் கதையை எழுதிய பிறகு நாலு நாளாக வேறொன்று மனத்தை அரிக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நான் எழுதியதில் பாதிதான் உண்மை.

எங்கள் விடுதிக்கு மலைநாட்டு ஹற்றன் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை வேலைக்கு வந்தாள். பத்தொன்பது வயது, தேயிலைத் தோட்டத்துக் குடும்பம், கெட்டிக்காரி. இரண்டாவது நாள் ஒரு விருந்தினரிடம் "ரூம் சாவி இந்தாங்க, சார்" என்றாள். அவர் பரம்பரை யாழ்ப்பாணத்தார், இங்கிலாந்திலிருந்து வந்தவர். "சாவியோ? இங்கே திறப்பு என்று சொல்ல வேண்டும், பிள்ளை. நீர் மலைநாடோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது மட்டுமில்லை, அன்று மாலை அவளைக் கூப்பிட்டு, "இனிமேல் திறப்பு என்றே சொல்" என்று அறிவுரையும் சொன்னேன்.

அவள் அதற்குப் பிறகு திறப்பு என்றும் சொல்லவில்லை, சாவி என்றும் சொல்லவில்லை. 'கீ' என்றாள். ஒரு கிழமைக்குள் விருந்தினர்களிடம் தமிழே கதைப்பதை நிறுத்திவிட்டாள். ஆங்கிலம் தவறில்லாமல் இருந்ததால் முகாமையாளருக்கு மகிழ்ச்சி. "தமிழ்ப் பிள்ளை, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், என்ன திமிர்!" என்று விருந்தினர்கள் சிலர் என்னிடம் குறைப்பட்டார்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தமிழைப் பறித்தவர்களில் நானும் ஒருவன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சாவியும் தமிழ்தான், திறப்பும் தமிழ்தான். கோடிக்கணக்கானவர்கள் சாவி என்கிறார்கள்.

ஜூன் 19, இரவு 10.20

இன்றைக்கு அவளோடு தொலைபேசியில் கதைத்தேன். இப்போது வேறொரு விடுதியில் மேற்பார்வையாளர். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அதை இன்னும் நினைத்துக்கொண்டா இருக்கிறீர்கள், அண்ணா?" என்றாள். ஆனால் மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

உங்கள் கேள்வியை அவளிடம் வைத்தேன். அவள் சொன்ன பதிலை என் வார்த்தையில் தருகிறேன். ஆங்கிலத்தில் கதைக்கும்போது விருந்தினர் துவாய் கேட்பார், தேநீர் கேட்பார், நன்றி சொல்லுவார். அதோடு முடிந்தது. தமிழில் தொடங்கினால் நாலாவது வாக்கியத்தில் "எந்த ஊர்?" வரும். பிறகு "ஊரில் எந்தப் பக்கம்?", பிறகு "அப்பா என்ன தொழில்?", "இன்னாரைத் தெரியுமா?". அந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்ல மாட்டார்கள், சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகு 'நீங்கள்' 'நீர்' ஆகும், சில வாயில் 'நீ' ஆகும். அவளோடு வேலை செய்கிற உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர் விருந்தினரிடம் ஆங்கிலத்தை விட்டு இறங்காததற்கும் இதுதான் காரணமாம். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'.

ஜூன் 12 இல் மூன்று படிகளைப் பற்றி எழுதினேன் அல்லவா? நான் மேலே நிற்பவரின் பக்கத்திலிருந்து மரியாதையைப் பற்றி எழுதினேன். கீழே நிறுத்தப்படுகிறவர் அந்தப் படிக்கட்டிலேயே கால் வைக்காமல் ஒதுங்குவதற்கு ஒரு வழி தேடுவார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. ஆறு வருடம் அவர்களோடு ஒரே மேசையில் நின்றிருக்கிறேன்.

ஆகவே முதல் நாள் எழுதிய "இதில் யோசிக்க ஒன்றுமில்லை" என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். யோசிக்க நிறைய இருக்கிறது. தமிழில் வணக்கம் சொல்லுங்கள், தமிழில் கேளுங்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தால் மனம் நோகாதீர்கள், "தமிழ் தெரியாதா?" என்று கேட்கவும் வேண்டாம். அவர்கள் ஆங்கிலத்திலும் நீங்கள் தமிழிலும் கதைத்துக்கொண்டே இருக்கலாம், வேலை நடக்கும். ஊரை மட்டும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஊர் கேட்காத ஆள் என்று தெரிந்த பிறகு தமிழ் தானாக வரும். வராவிட்டாலும் அது அவர்கள் உரிமை.

"வானில் வருகிறவருக்கு ஆங்கிலம்" என்ற விதி அவள் பொறுப்பில் இருக்கிற வரவேற்பறையில் இல்லையாம். பதிவுப் படிவமும் மூன்று மொழியில் அடித்திருக்கிறாள். பெயர் எழுதுகிற இடம் மட்டும் சற்று அகலமாக, எந்த எழுத்தில் எழுதினாலும் மேலே இன்னொன்று எழுத இடம் விட்டு.

ஜூன் 21, காலை 6.30

கேட்டவர் மறுமொழி போட்டிருக்கிறார். அம்மாவின் ஊரைப் பற்றி யாரிடம்தான் கேட்பது என்கிறார். உறவுகளிடம் கேளுங்கள். விடுதிப் பிள்ளைகளிடம் கடலைப் பற்றிக் கேளுங்கள், மீனைப் பற்றிக் கேளுங்கள். அதில் அவர்கள் மன்னர்கள்.

ஆங்கில உணவு அட்டையில் 'மீன்' என்று ஒரே சொல்தான் இருக்கும். தமிழில் கேட்டால்தான் அது விளைமீனா, பாரையா, முரலா, அறக்குளாவா என்று தெரியும். காலைச் சாப்பாட்டின்போதே "இன்றைக்கு என்ன மீன் வந்தது?" என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்க விடுங்கள். பெரும்பாலும் பரிமாறுகிற பையன் குசினிக்குள் போய்ச் சமையல்காரரையே கூட்டிவருவான். ஒடியல் கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது) வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் சேர்த்துக் காய்ச்ச நேரம் எடுக்கும். உறைப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், ஆனால் மிகவும் குறைத்தால் அது கூழில்லை.

காரைநகரின் கசூரினாக் கடற்கரையில் நெடுந்தூரத்துக்கு ஆழமில்லை, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே போகலாம். ஆனாலும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம், எந்த நேரம் இறங்கலாம் என்று அங்கே உள்ளவர்களிடம் கேட்டுவிட்டே பிள்ளைகளை விடுங்கள்.

ஓரா மீன் வந்திருந்தால் விடாதீர்கள். பொரித்துத் தரச் சொல்லுங்கள். முள்ளை மட்டும் பிள்ளைகளுக்கு நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.